நெடுந்தீவும் லாச்சப்பலும்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர் கி.பி. அரவிந்தனைப் பற்றிப் பேசப் பத்து நிமிசம் தந்திருக்கிறீர்கள். அவர் 1953இல் நெடுந்தீவில் பிறந்தவர். அங்கே போனவர்களுக்குத் தெரியும்: சாந்து பூசாமல் கல் அடுக்கின வேலி, வெட்டையில் மேயும் குதிரைகள், நாலு பக்கமும் கடல். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால்தான் ஊர். 1972இல் குடியரசு யாப்பை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் கொடுத்துச் சிறை போன இளைஞர்களில் ஒருவர். பிறகு இயக்கம், இந்தியா, கடைசியில் பாரிஸ். 2015 மார்ச் 8ஆம் திகதி காலமானார்.

கடல் இல்லாத நகரத்தில் தீவுக்காரன் எங்கே போவான்? எங்கட சனத்துக்கு ஒரு லாச்சப்பல் இருக்கு. மேலே பாலத்தில் மெத்ரோ, கீழே கருவாடும் முருங்கைக்காயும். அந்த மெத்ரோ வாசலுக்குப் பக்கத்தில் பூஃப் து நோர் என்றொரு பழைய நாடக அரங்கு. பீட்டர் புரூக் 1985இல் தயாரித்த மகாபாரதம் அங்கேயும் மேடையேறியது, ஒன்பது மணித்தியாலம். பாண்டவர் வனவாசத்தைப் பிரெஞ்சுக்காரர் ரிக்கற் எடுத்துப் பார்த்த காலத்தில் எங்கட பொடியள் கோப்பை கழுவ வேலை தேடித் திரிந்தார்கள்!

அரவிந்தனை ஊரை நினைத்து அழுத கவிஞர் என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நூல்களின் பெயரைப் பாருங்கள். 1991இல் 'இனி ஒரு வைகறை', 1992இல் 'முகம் கொள்', 1999இல் 'கனவின் மீதி'. விடியப்போகுது என்று தொடங்கினவர் எட்டு வருசத்தில் மீதியைக் கணக்குப் பார்க்கிறார். நடுவில் இருக்கிற 'முகம்'தான் என்னை விடாமல் பிடிக்கிறது. அகதிக்கு முகமென்றால் வதிவிட அட்டையில் ஒட்டின படந்தானே. அதற்கு மேலே ஒரு முகம் வேண்டுமென்றுதான் 'மௌனம்' இதழ் நடத்தினார், 'பாரிஸ் கதைகள்' தொகுத்தார் என்று நினைக்கிறேன். அவர் தேடின வீடு கடிதாசியில் கட்டின வீடு.

இப்ப எங்கட பிள்ளையளை எந்த ஊர் என்று கேட்டால் பாரிஸ் என்கிறார்கள். அது பொய்யில்லை, கோபிக்கவும் வேண்டாம். அவருடைய கவிதைகள் பிரெஞ்சிலும் நூலாக வந்திருக்கு. அதை வாசித்தால் போதுந்தானே என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். போதாது, அண்ணை. பிள்ளை பிரெஞ்சில் வாசித்துச் சொல்லட்டும், நீங்கள் தமிழில் வாசித்துக் காட்டுங்கோ. வெட்டை என்றால் என்ன, வள்ளம் என்றால் என்ன என்று அது கேட்கும். அந்தச் சொல்லுகளை உங்களைவிட ஆர் சொல்லிக்கொடுக்கிறது?

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேல்வகுப்புக்கு அவருடைய ஒரு கவிதையாவது இந்த வருசம் வையுங்கோ. பழைய பிரதிகள் வீட்டில் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து தந்தால் படி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.