கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வாழும் நமக்கு ஆகாய விமானத்தின் ஓசை புதிதன்று. மின்சார ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினால், எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். ஆங்கிருந்து விமானம் எழுமுன், விமானிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் வானொலி வழியே நிகழும் உரையாடலைப் பற்றியே இன்று யாம் பேச எண்ணினோம்.

விமானி தம் விருப்பப்படி எழும்புதல் இயலாது. முதற்கண் செல்லும் வழிக்கு அனுமதி பெறுகிறார், பின்னர்த் தரையில் நகர்வதற்கு, பின்னர் ஓடுபாதையில் நுழைவதற்கு, இறுதியில் மேலெழுவதற்கு. இவற்றைக் கேட்டவர் 'சரி' என்று மட்டும் விடை கூறலாகாது; கேட்டதைத் திருப்பிச் சொல்லல் வேண்டும். எண்களையும் பிரித்தே சொல்வர். மீனம்பாக்கத்தின் 25ஆம் ஓடுபாதை, 'இருபத்தைந்து' அன்று. 'இரண்டு, ஐந்து' என்று ஆங்கிலத்தில் வழங்கும். அதிகாரியும் சொன்னதோடு கடமை தீர்ந்ததென்றிராமல், திருப்பிச் சொன்னதைச் செவிசாய்த்துக் கேட்டுப் பிழையிருப்பின் உடனே திருத்தல் வேண்டும்.

இம்முறையின் அருமையை உலகம் பேரிழப்பால் உணர்ந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனெரீப் தீவில், மூடுபனியினிடையே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. டச்சு விமானம் வழிக்குரிய அனுமதி பெற்றதேயன்றி, எழும்ப அனுமதி பெறவில்லை. ஆயினும் அது ஓடத் தொடங்கிவிட்டது. 'இப்போது எழும்பும் நிலையில் உள்ளோம்' என்னும் பொருள்பட அதன் துணை விமானி உரைத்தார். அது நிற்கிறதென்று கருதிய அதிகாரி 'சரி' என்றார். அவர் மேலும் 'காத்திருங்கள்' என்றபோது, அமெரிக்க விமானியும் தாம் இன்னும் பாதையில் இருப்பதை உரைத்தார். இரு குரலும் கலந்து கீச்சொலியாயின. 'சரி' ஒன்றே தெளிவாகக் கேட்டது. 583 பேர் மாண்டனர். அதன்பின், 'டேக்-ஆப்' என்னுஞ் சொல், எழும்ப அனுமதி தருதற்கும் அதனை நீக்குதற்கும் மட்டுமே உரியதென வரையறுக்கப்பட்டது.

யாமும் இத்தகைய பிழைக்கு ஆளானோம். சென்ற ஆண்டு எம் அன்னையாரின் மாத்திரையில் 'ஒன்றிற் பாதி கொடுங்கள்' என்று தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றபடி தொலைபேசியில் வீட்டாருக்குச் சொன்னோம். வண்டியின் இரைச்சலில் அவர்கள் செவிக்கு எட்டியது 'ஒன்று' என்பதே. 'சரி' என்றார்கள், யாமும் அமைந்தோம். அன்னையார் இரண்டு நாள் தலைசுற்றிப் படுத்திருந்தார். நன்னூல் கூறும் பாடங்கேட்கும் முறையைப் பிள்ளைகட்குக் கற்பிக்கும் யாமே, சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்கவில்லை. பிழை எம்முடையதே.

நம் இல்லங்களில், பெரியவர் சொன்னதைச் சிறியவர் மீண்டும் கேட்டால் மரியாதைக் குறைவென்று எண்ணுகிறோம். பல்லாண்டு வானிற் பறந்த தலைமை விமானி, தம்மினும் இளைய அதிகாரியின் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார். அதனால் அவர் பெருமை குன்றுவதில்லை. ஆதலின் அன்பர்களே, மருந்தாயினும், பணமாயினும், முகூர்த்த நேரமாயினும், 'சரி' என்பதோடு அமையாது, 'நான் சொன்னதைச் சொல், அப்பா' என்று கேட்டுப் பழகுவோமாக.