குளத்துப் பச்சையும் குளத்துச் சீவன்களும்

(கொக்கட்டிச்சோலைக்கு வந்த தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, மர நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நித்திரை வருகிற நேரம். இந்த நேரத்தில் பேச வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும் இன்றைக்குப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கு. காலையில் பஸ் வாவியைத் தாண்டி வரும்போது, கரை ஓரத்தில் ஊதா நிறப் பூக்களைப் பார்த்து “என்ன அழகு!” என்று நீங்கள் எல்லோரும் சொன்னதைக் கேட்டோம். அந்தப் பூவுக்குக் கடைசியில் வருவோம். முதலில் நமது லயத்துப் பக்கத்துக் குளத்தைப் பற்றிப் பேசுவோம்.

மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற நம்மில் பலர் குழி வெட்டி வைத்திருக்கிறோம். பீலித் தண்ணீரைத் திருப்பி, சின்னக் குளம் போலக் கட்டினவர்களும் உண்டு. சிலர் அதில் மீனும் விட்டிருக்கிறார்கள். இங்கே படுவான்கரையிலும் அப்படித்தான், வீட்டு வளவுக்குள் பூவல், துரவு, சின்ன மடு என்று ஏதாவது ஒன்று கிடக்கும். எந்த ஊர்க் குளமானாலும் ஒருநாள் பச்சைப் போர்வை விழும். உடனே நம்ம ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துப் போடுவது. மற்றது, மருந்து டாங்கியைத் தூக்குவது. இரண்டையும் செய்ய முதல், மிதப்பது என்ன செடி என்று குனிந்து பார்க்க வேண்டும்.

பச்சைப் பயறு அளவில், அல்லது அதைவிடச் சின்னதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதந்தால், அடியில் நூல் மாதிரி ஒரு வேர் தொங்கினால், அது வாத்துப்பாசி. பாசி என்று பெயர்தான் சொல்கிறோமே தவிர அது பாசி அல்ல, பூக்கிற செடி. பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அவ்வளவுதான். வாத்தின் காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு குளம் விட்டுக் குளம் போகும்.

இதன் கெட்டித்தனம் பெருகுவதில்தான். வெயிலும் உரமும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். நுவரெலியாக் குளிரில் மெதுவாக, படுவான்கரை வெயிலில் வேகமாக. ஒரு கணக்குப் பாருங்க. மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குக் குளத்தில் கால்வாசி பச்சை. “இன்னும் முக்கால்வாசி தெளிவாத்தானே இருக்கு” என்று நாம் சும்மா இருப்போம். மூன்றாம் நாள் அரைவாசி, ஆறாம் நாள் முழுக்குளம். ஆகவே கால்வாசியைக் கண்ட அன்றைக்கே கையை வைக்க வேண்டும்.

முழுக்குளமும் மூடினால் என்ன? கீழே வெளிச்சம் போகாது. தண்ணீருக்குள் வளரும் செடி செத்துப்போகும். காற்றும் தண்ணீரும் கலப்பது குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதைக் கண்ட பிறகு சாப்பாடு போட்டுப் பிரயோசனமில்லை.

ஆனால் வாத்துப்பாசியே இருக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கொஞ்சம் கிடந்தால் அது நல்லது. தண்ணீரில் கரைந்த உரத்தை உறிஞ்சி எடுக்கும். தவளைக் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் மறைவிடம். கொக்கும் மீன்கொத்தியும் குஞ்சுகளை ஒரேயடியாகப் பொறுக்கிவிடாமல் காக்கும். நாலில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

எடுக்கிற விதம் சொல்கிறோம். பழைய நுளம்பு வலைத் துண்டை மூங்கில் வளையத்தில் கட்டினால் வடி தயார். காற்று வீசுகிற நாளில் பச்சை முழுவதும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். அப்போது அள்ளினால் அரை மணித்தியால வேலை, காற்றில்லாத நாளில் அரை நாள். அள்ளியதை உடனே கூடையில் போட்டுக் கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் ஓரத்திலேயே மெல்லியதாகப் பரப்பி ஓர் இரவு விடுங்கள். உள்ளே தும்பிக் குஞ்சு, நத்தை, தவளைக் குஞ்சு எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும். வழுகித் திரும்பக் குளத்துக்குள் போகட்டும். தும்பிக் குஞ்சு நுளம்புக் குடம்பியைத் தின்கிற சீவன். அதையும் சேர்த்து எருக்கிடங்கில் போட்டால் நட்டம் நமக்குத்தான்.

அள்ளிய பச்சை வீண் இல்லை. காய்ந்த நிலையில் அதன் புரதம் 15 முதல் 40 வீதம் வரை இருக்கும். வாத்து, கோழிக்குத் தவிட்டோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். மிச்சம் எருவுக்கு. ஆனால் கக்கூசுத் தண்ணீரோ, மருந்து அடித்த மலைக் கான் தண்ணீரோ வந்து சேருகிற குளமென்றால் கோழிக்குக் கொடுக்க வேண்டாம். அந்தச் செடி நல்லது கெட்டது பார்க்காமல் உறிஞ்சும்.

எவ்வளவு அள்ளினாலும் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் யாரோ குளத்துக்கு உரம் போடுகிறார்கள். யார் என்று தேடினால் நாமாகத்தான் இருப்போம். மாட்டுக்காலைத் தண்ணீர், உடுப்புத் துவைத்த சவர்க்காரத் தண்ணீர், உரச் சாக்கைக் கழுவிய தண்ணீர், மழையில் வழிந்து வந்த யூரியா, எல்லாம் அதற்குச் சாப்பாடு. மேல் பக்கத்தில் சின்னக் கான் ஒன்றை வெட்டி அந்தத் தண்ணீரை வாழைப் பாத்திக்குத் திருப்பினால், குளத்தில் பாதி வேலை குறையும், வாழையும் குலை தள்ளும்.

களைநாசினி விஷயத்தில் நாங்கள் வளைந்து பேச மாட்டோம். குளத்துக்கு அடிக்கவே கூடாது. கிரமக்சோன் என்று நாம் அறிந்த பரகுவாட் 2008க்கும் 2011க்கும் இடையில் இந்த நாட்டில் நிறுத்தப்பட்டது. அது எத்தனை உயிரைக் குடித்தது என்று தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேறு மருந்து அடித்தாலும், செத்த செடி அடியில் போய் அழுகும். அழுகும்போது மிச்சமிருந்த பிராணவாயுவையும் இழுக்கும். அழுகியது மறுபடி உரமாகும். ஒரு மாதத்தில் புதுப் பச்சை வரும், மீன் மட்டும் திரும்பி வராது.

இனி அடுத்த செடி. இலை பெரிதாக, சோடி சோடியாக, மேலே பூனை ரோமம் மாதிரி முடி நிறைந்து, தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடினால் அது சல்வீனியா. இதோடு சமாதானம் கிடையாது. பிரேசில் நாட்டுச் செடி. 1939இல் கொழும்பில் மாணவர்களுக்குப் பாடம் படிப்பிக்கவென்று கொண்டுவந்தது, தப்பி வெளியே போய், வயலையும் குளத்தையும் வாய்க்காலையும் மூடியது. நீண்ட காலம் விஞ்ஞானிகளே இதை வேறொரு சல்வீனியாவென்று தவறாக நினைத்திருந்தார்கள். 1972இல்தான் தனி இனமென்று பெயர் வைத்தார்கள். சரியான செடி தெரிந்த பிறகே அதன் சொந்த இடத்தைத் தேடிப் போக முடிந்தது. அங்கேதான் அதைத் தின்கிற, இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள, மூக்கு நீண்ட ஒரு கறுப்பு வண்டு கிடைத்தது. 1980இல் அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டார்கள், 1986இல் இலங்கையில் விட்டார்கள். பல குளங்கள் மறுபடி வெளிச்சம் கண்டன. கல்நந்தி புல் தின்ற கதையைக் கோயிலில் கேட்டுவிட்டு வந்திருக்கிற உங்களுக்கு இந்த வண்டுக் கதை பெரிதாகத் தெரியாது. ஆனால் பாருங்க, பெயர் தவறினதால் எத்தனை வருசம் வீணாய்ப் போனது! குனிந்து பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். சல்வீனியாவைக் கண்டால் ஒரு துண்டும் விடாமல் எடுத்து, தண்ணீர் எட்டாத இடத்தில் காயப்போட்டு எரியுங்கள். ஓடையில் மட்டும் எறிந்துவிட வேண்டாம்.

குளத்தில் இறங்குகிறவர்கள் காலில் வெட்டு, புண் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், தண்ணீரில் நின்றதை டொக்டரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சை மூடிய குளம் புல் தரை மாதிரித் தெரியும். வேலி கட்டாத குளம் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரு கரையைச் சரிவாக வெட்டி விடுங்கள். தவளையும் உடும்பும் ஏறி வரும், விழுந்த பிள்ளையும் ஏறி வரலாம். தண்ணீர்ப் பாம்பைக் கண்டவுடன் மண்வெட்டியைத் தூக்காதீர்கள், அது தவளையும் மீனும் பிடிக்க வந்தது. பக்கத்துப் பண்டாரியாவெளியில் நாகதம்பிரானுக்குக் கோயிலே வைத்திருக்கிறார்கள். நாம் கோயில் கட்டாவிட்டாலும் வழி விடலாமே. முதலை மட்டும் வேறு கதை. இங்கே முதலைக்குடா என்று ஊர்ப் பெயரே இருக்கு. செடி அடர்ந்த வாவிக் கரையில் இன்றைக்குக் கால் கழுவ யாரும் இறங்க வேண்டாம்.

இப்போது அந்த ஊதாப் பூ. இந்தப் பக்கத்தில் ஆற்றுவாழை என்பார்கள். சிங்களத்தில் ஜப்பான் ஜபர. ஜப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தென்னமெரிக்கச் செடி. 1905 அளவில் அழகுக்காகவே இந்த நாட்டுக்கு வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இதற்கும் 1988இல் ஒரு வண்டை விட்டுப் பார்த்தார்கள். சல்வீனியாவில் கண்ட வெற்றி இதில் கிடைக்கவில்லை. வாவியின் தெற்குப் பக்கம், கல்முனைக்கு மேற்கே கிட்டங்கிப் பாலத்தடியில் இது வந்து அடைத்துக்கொள்ளும். மாரி வெள்ளம் போக வழியில்லாமல் வீதிக்கு மேலால் பாயும். மீன்பிடிக்கிறவர்கள் வலை போட இடமில்லாமல் நிற்பார்கள். இதன் வேரில் குழலைக் குத்தி மூச்சு வாங்கி வளருகிற நுளம்பு ஒன்றும் உண்டு. யானைக்கால் நோயில் ஒருவகையைப் பரப்புவது அந்த நுளம்பு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோயை இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லையென்று அறிவித்தது. மறுபடி அதற்கு வீடு கட்டிக் கொடுப்பானேன்?

இங்கேயுள்ள செடி நம் மலைக்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். மலையிலுள்ளது இங்கே என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கிற கல்லோயாதான் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்புகிறது. அந்தத் திட்டத்தின் இடதுகரை வயல்களின் வடிச்சல் தண்ணீர் இந்த வாவிக்கு வருகிறது. அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளை ஓடையில் எறிகிற ஒரு துண்டுச் செடிக்கு வழி திறந்தே கிடக்கு. கீழே வலை போடுகிறவர்களும் நம்மைப்போல அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான்.

பஸ் நாலு மணிக்கு. ஏறுவதற்கு முன்னால் பைகளை ஒருதரம் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் விட்டு ஆற்றுவாழைச் செடி யாராவது எடுத்து வைத்திருந்தால், வெட்கப்படாமல் வெளியே வையுங்கள். வாசலில் ஒரு சாக்கு விரித்திருக்கிறோம். வாவிக்குள் திருப்பி எறிய வேண்டாம், வெயிலில் காயட்டும்.