வாசலோடு நின்றுவிடும் சலுகை
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் விதவைச் சகோதரி ஒருவர் நம்மிடம் வந்து, மின்கட்டணம் செலுத்துவதற்குப் பைத்துல்மாலிலிருந்து உதவி கோரினார். இரு பிள்ளைகளுடன் ஒற்றையறை வாடகை வீட்டில் வாழ்பவர் அவர். விசாரித்தோம். இரண்டு மாதங்களில் அவர் வீட்டில் ஓடியது 90 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 720 ரூபாய் தருமாறு வீட்டு உரிமையாளர் கேட்டிருக்கிறார். அவ்வீட்டிற்குத் தனி மின் இணைப்பு உண்டு. மின்வாரியக் கணக்கில் அதற்குரிய கட்டணமோ பூஜ்யம்!

தமிழகத்தில் 2016 மே 23 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அதற்குரிய தொகையை அரசே மின்வாரியத்திற்கு மானியமாக ஈடுசெய்கிறது. 100 யூனிட்டைத் தாண்டினாலும் குறைவாகப் பயன்படுத்துவோருக்குச் சலுகை தொடர்கிறது. 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணப்படி 200 யூனிட்டுக்கு 235 ரூபாய்தான். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் அதுவே 1,600 ரூபாய் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட 1,365 ரூபாய் யாருடைய ஹக்கு? சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் இருந்தால், இலவச 100 யூனிட் ஒருமுறைதான் கிடைக்கும். மொத்த யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும். தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்கிற்கும் செலவுண்டு. இவற்றைப் பங்கிட்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாரியத்திற்குச் செலுத்தாத பணத்தை மின்கட்டணம் என்ற பெயரில் வாங்குவது எவ்வாறு பொருந்தும்? வாடகை போதவில்லையெனில், வாடகை என்றே பேசி முடிவு செய்யட்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வாரியத்தின் கணக்கீட்டைக் குடியிருப்போரிடம் காட்டி, அதில் அவரவர் பங்கை மட்டும் பெறுங்கள். தனித்தனிக் குடும்பங்கள் வாழும் வீடுகளுக்குத் தனித்தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். குடியிருப்போரே! கணக்குக் கேட்பதைச் சண்டையாகக் கருதித் தயங்காதீர்கள்.

இதனைப் பிறருக்கு மட்டும் சொல்லிவிட்டு அமர்வது நமக்கு அழகன்று. நம் பள்ளிவாசலின் வக்ஃப் வீடுகளிலும் இதே 8 ரூபாய்தான் வசூலாகி வந்திருக்கிறது. ஒரு கையால் பைத்துல்மாலிலிருந்து கொடுத்து, மறு கையால் மின்கட்டணமாகத் திரும்பப் பெற்றிருக்கிறோம். வரும் கணக்கீடு முதல் அவ்வீடுகளில் வாரியக் கட்டணம் மட்டுமே பெறுவதென இச்சபை தீர்மானிக்க வேண்டுகிறோம். திருத்தம் நம் வாசலிலிருந்து தொடங்கட்டும்.

பிறர் ஹக்கில் பேணுதலுடன் வாழும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.