பாட முடியாத நாளில் யார் பாடுவார்?

(மருத்துவமனைப் பங்காளர்களின் நன்றி ஆராதனையில் திருச்சபை மூப்பர் ஒருவர் ஆற்றிய உரை)



 மருத்துவமனைக்காக ஜெபித்தும் கொடுத்தும் வருகிற உங்கள் நடுவில் பேச என்னை அழைத்தபோது, "நான் டாக்டரும் அல்ல, போதகரும் அல்ல, எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டேன். "உங்கள் பாட்டு வகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றார்கள். ஆகவே அதையே சொல்லுகிறேன்.

எங்களுடையது வெஸ்லியன் மிஷனரிமார் ஊன்றிய சபை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்துவிட்டோம். ஆனாலும் பழைய மெதடிஸ்ட் பாட்டுகள் எங்கள் பெரியவர்களின் வாயைவிட்டுப் போகவில்லை. வாலிபருக்கோ அவை தெரியவில்லை. ஆகையால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு. முதலில் ஒருவர் வாசிப்பார். பின்பு எல்லாரும் பாடுவோம். தமிழில் இல்லாத பாட்டானால் ஆங்கிலத்தில் வாசித்துப் பொருள் சொல்லிக்கொள்ளுவோம். அதன் பிறகு இரண்டு கேள்விகள்: இந்தப் பாட்டில் எந்த வேதவசனம் ஒளிந்திருக்கிறது? இதை நான் என் சொந்த வார்த்தையாகப் பாட முடியுமா? முதல் கேள்வி சுலபம். இரண்டாவது கேள்விதான் எங்களைத் திணற வைக்கும்.

"வகுப்பு" என்கிற பெயர் உங்களுக்கு முக்கியமானது. 1742-ம் வருஷம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் மெதடிஸ்ட் மக்கள் கட்டிய கூடத்தின்மேல் கடன் இருந்தது. கடனை அடைப்பது எப்படி என்று கூடிப் பேசினபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். "எங்களில் பலர் ஏழைகளாயிற்றே" என்றபோது, "பதினொரு பேரை என்னிடம் ஒப்புவியுங்கள்; கொடுக்க முடியாதவருக்காக நானே கொடுப்பேன்" என்றாராம். அப்படியே ஒவ்வொரு பன்னிரண்டு பேருக்கும் ஒரு தலைவர் ஏற்பட்டார். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே வியாதியையும் சண்டையையும் துக்கத்தையும் கண்டார்கள். காணிக்கை சேர்க்கப் புறப்பட்ட வழி, ஆத்துமாக்களை விசாரிக்கும் வழியாயிற்று. நான்கு வருஷத்துக்குப் பின், 1746-ல், ஜான் வெஸ்லி லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்துச்சாலையையும் திறந்தார். பாட்டும் காணிக்கையும் மருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லுவது அதனால்தான்.

பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜானின் தம்பி சார்லஸ். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதினார். அவருடைய மனமாற்றமே நோய்ப்படுக்கையில் நடந்தது. 1738 மே 21, பெந்தெகொஸ்தே ஞாயிறு. லண்டனில் ஒரு நண்பரின் வீட்டில் நெஞ்சு நோயால் படுத்திருந்த சார்லஸின் உள்ளத்தில் சமாதானம் வந்தது. அதன்பின் ஒரு பாட்டை எழுதத் தொடங்கினார். மூன்று நாளைக்குப் பின் ஜானுக்கும் அதே நிச்சயம் கிடைத்தது. அன்றிரவு நண்பர்கள் அவரைத் தம்பியின் அறைக்கே அழைத்துவந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். மெதடிஸ்ட் பாட்டு ஒரு நோயாளியின் அறையில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இப்படிப்பட்ட பாட்டுகளை நின்று யோசித்தால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணம். 1762-ல் சார்லஸ் எழுதிய ஒரு சிறு பாட்டு, தேவன் நமக்கு ஒப்புவித்த காவலைக் காப்பதைப் பற்றியது. அதற்கு ஆதாரம் லேவியராகமம் 8-ம் அதிகாரம் 35-ம் வசனம். ஆரோனும் அவன் குமாரரும் ஏழு நாள் இரவும் பகலும் கூடாரவாசலை விட்டு நகராமல் இருக்க வேண்டும் என்பது கட்டளை. இதை வாசித்ததும், எங்கள் வகுப்பிலுள்ள ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே, "ஐயா, இது நைட் டூட்டி பாட்டு!" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, "விடியற்காலம் மூன்று மணிக்கு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, நான் செய்வது சம்பளத்துக்கு வேலை என்று மட்டும் நினைத்திருந்தேன்" என்றார். முப்பது வருஷமாக நான் பாடிய பாட்டு. எனக்கு அது தோன்றவில்லை.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். அவர் கணவர் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மரித்துப்போனார். சில மாதம் கழித்து, புயலில் அகப்பட்ட ஆத்துமா இயேசுவிடம் அடைக்கலம் தேடும் சார்லஸின் பாட்டு வந்தது. எல்லாரும் பாடினோம். அக்கா வாய் திறக்கவில்லை. "ஏன் அக்கா பாடவில்லை?" என்று கேட்டேன். "அடைக்கலம் கேட்டேன் தம்பி. புயல் நிற்கவில்லையே" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மௌனமாய் இருந்திருக்க வேண்டும். ஆனால் 1761-ல் ஜான் வெஸ்லி பாடுகிறவர்களுக்கு ஏழு விதிகள் கொடுத்தார் அல்லவா? எல்லாரும் பாட வேண்டும், பாடுவது சிலுவையாகத் தோன்றினாலும் அதைச் சுமக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த விதியை அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். நியாயமாகத்தான் பேசினேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் என் மனைவி, "பன்னிரண்டு பேரில் ஒருவரைக் காணோம், தலைவர் தேடிப் போக மாட்டாரோ?" என்று கேட்டாள்.

அந்த வாரத்தில் வெஸ்லியின் சரித்திரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். 1788 மார்ச் 29-ல் சார்லஸ் மரித்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பின், 84 வயதான ஜான் போல்டன் என்கிற ஊரில் ஆராதனை நடத்தினார். யாக்கோபு இரவெல்லாம் போராடியதைக் குறித்துத் தம்பி எழுதிய பாட்டைக் கொடுத்தார். கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள், நான் தனியே நிற்கிறேன் என்கிற இடம் வந்தது. கிழவரால் முடியவில்லை. பிரசங்க பீடத்தில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதாராம். சபையும் பாட்டை நிறுத்தி அழுதது.

விதியை எழுதினவரே பாட முடியாமல் உட்கார்ந்தார்! அப்போது யாரும் அவருக்கு அந்த விதியை வாசித்துக் காட்டவில்லை. அவரோடு அழுதார்கள், அவர் மறுபடி எழுந்திருக்கும்வரை காத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அக்காவின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். அவர் காப்பி கொடுத்தார், அதிகம் பேசவில்லை. ஞாயிறன்று வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்கள் பாடுங்கள், நான் கேட்கிறேன்" என்றார். அதே புயல் பாட்டைத் திரும்ப எடுத்தோம். நைட் டூட்டி பாட்டு என்று சொன்ன அந்த நர்ஸ்தான் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, இந்தப் பாட்டில் புயல் நின்றது என்று எங்கேயாவது இருக்கிறதா?" எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தோம். இல்லை. புயல் கடந்துபோகும்வரை என்னை மறைத்துக்கொள்ளும், தனியே விட்டுவிடாதேயும் என்கிற ஜெபம்தான் இருக்கிறது. அக்கா நெடுநேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் இவரும் புயலுக்குள் இருந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்" என்றார்.

அன்றும் அவர் பாடவில்லை. அதற்குப் பிறகும் பல வாரம் பாடவில்லை. இப்போது சில பாட்டுகளைப் பாடுகிறார். சிலவற்றில் மௌனமாய் இருக்கிறார். நாங்கள் ஏன் என்று கேட்பதில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நாங்கள் பாடுகிறோம். கொடுக்க முடியாதவருக்காக நான் கொடுப்பேன் என்று பிரிஸ்டலில் சொன்னாரே, அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பிரியமானவர்களே, நீங்கள் செய்வதும் இதுவே. கட்டணம் செலுத்த முடியாத நோயாளிக்காக நீங்கள் செலுத்துகிறீர்கள். ஜெபிக்கப் பெலனில்லாதவருக்காக ஜெபிக்கிறீர்கள். அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்.

1791 மார்ச் 2-ல் ஜான் வெஸ்லி மரித்தார். முந்தின நாள், சுவாசம் இருக்கும்வரை சிருஷ்டிகரைத் துதிப்பேன் என்று 146-ம் சங்கீதத்தைத் தழுவி ஐசக் வாட்ஸ் எழுதிய பாட்டைப் பாடினார். பெலனற்றுப் போய் முழுவதும் பாட முடியாமல், முதல் வார்த்தைகளையே திரும்பச் சொல்ல முயன்றார் என்று வாசிக்கிறோம். கட்டிலைச் சுற்றி நின்ற நண்பர்கள் அவரோடிருந்தார்கள். அந்தச் சங்கீதம் குருடரையும், ஒடுங்கினவர்களையும், அந்நியரையும், விதவையையும், திக்கற்ற பிள்ளையையும் நினைவுகூருகிறது. இன்றிரவு உங்கள் குடும்ப ஜெபத்தில் அதை வாசியுங்கள். தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்து, நிதானமாய்ப் பாடுங்கள். பாட முடியாதவர் ஒருவர் உங்கள் நடுவில் இருந்தால், அவருக்காகவும் சேர்த்துப் பாடுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் வீட்டாரையும், வார்டுகளில் இந்த இரவைக் கழிக்கிற ஒவ்வொருவரையும் காப்பாராக. ஆமென்.