மார்பு நோயும் மாதர் உடையும்

(நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் ஒரு சகோதரி செய்த பிரசங்கம்)



நம்மவர் வீடுகளில் மெல்லிய குரலிலும் பேசப்படாத ஒரு விஷயத்தைப் பற்றி இச்சபையில் பேச இடமளித்தமைக்கு முதற்கண் என் வந்தனம். ஸ்தனத்திலுண்டாகும் புற்றுநோய்க்காகச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட ஒரு ஸ்திரீ, வீடு திரும்பிய பின்னர் எவ்வாறு வாழ்வது, எவ்வாறு உடுப்பது என்பதே அவ்விஷயம். நோயின் இயல்பை வைத்தியர் கூறுவர். நோய் நீங்கியபின் கண்ணாடி முன் நின்று பழைய ரவிக்கையைக் கையிலெடுக்கும் பெண்ணுக்கு வழி கூறுவார் அரியர். அத்தகைய பெண்களுள் யானும் ஒருத்தியாதலால் துணிந்து பேச வந்தேன்.

"உயிர் பிழைத்தது போதாதா? இந்த வயதில் உடையைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பாருண்டு. ரவிக்கை ஒரு புறம் தொய்ந்திருப்பதைப் பிறர் காண்பரே என்று அஞ்சி, ஒருத்தி முதலில் வளைகாப்பிற்குப் போகாது நிற்கின்றாள், பின்பு கல்யாணத்திற்கு, பின்பு கோயிலுக்கும். நோய் கொண்டுபோனது ஓர் உறுப்பை. வெட்கமோ அவளையே கொண்டுபோய்விடுகின்றது. ஆதலின் உடையைப் பற்றிய கவலை அற்பமானதன்று.

இச்சிகிச்சை நேற்று உண்டானதுமன்று. பானி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியை 1811ஆம் வருஷம் பாரிஸ் நகரில், மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், ஒரு ஸ்தனத்தை அறுத்து நீக்கிக்கொண்டார். பின்னர் 1840ஆம் வருஷம் வரை ஜீவித்திருந்து நூல்களும் வெளியிட்டார். பார்பி என்னும் பொம்மையை உலகிற்கு அளித்த அமெரிக்க மாது ரூத் ஹாண்ட்லர் 1970இல் இச்சிகிச்சைக்கு உள்ளானார். தமக்கு ஏற்ற செயற்கை மார்பு கடைகளிற் கிடையாமை கண்டு, தாமே அதனைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். நம் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலை தோன்றியதை யாவரும் அறிவீர்கள்.

இனி, நமது உடைக்கு வருவோம். சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் அப்புறத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்குதல் கஷ்டம். ஆகையால் முன்பக்கம் கொக்கி வைத்த, தளர்ந்த, மெல்லிய பருத்தி ரவிக்கையே தகும். கைக்குழி சற்று அகலமாயும், கைவிளிம்பு இறுக்காமலும் இருத்தல் வேண்டும். ரணத்து நீர் வடிவதற்காக ஒரு குழாயும் சிறு புட்டியும் வைத்தே வீட்டிற்கு அனுப்புவதுண்டு. அதனைத் தாங்க உட்புறம் ஒரு பை தைத்துக்கொண்டால், வருவோர் போவோர் கண்ணிற் படாது.

ரணம் ஆறும்வரை பஞ்சடைத்த மெல்லிய துணித்திண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பஞ்சு இலேசாதலால் ரவிக்கை அப்புறம் மேலேறும். அதற்காகச் சிறு தானியம் சிறிது சேர்த்துத் தைப்பாருண்டு. துவைக்குமுன் தானியத்தை எடுத்துவிட வேண்டும். ரணம் நன்கு ஆறியபின் வைத்தியர் அனுமதியுடன் சிலிக்கோனாற் செய்த மார்பு அணியலாம். அதன் கனம் இயற்கையை ஒத்திருப்பதால், ஒரு பக்கம் கனம் குறைந்து தோளும் கழுத்தும் நோவது பலருக்குத் தணிகின்றது. தினமும் மெல்லிய சோப்பு நீரிற் கழுவி, ஈரம் துடைத்து வைத்தல் வேண்டும். முந்தானைக்குக் குத்தும் ஊக்கு அதில் பட்டால் கிழிந்துவிடும்; ஆதலின் ஊக்கைத் தோளோடு நிறுத்துக. உள்ளுடையின் உட்புறம் பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, பக்கவாட்டில் வாய் விட்டால், எவ்வளவு குனிந்து கோலமிட்டாலும் அது இடம் பெயராது. ரவிக்கைக் கழுத்தை ஒரு விரற்கடை உயர்த்தித் தைப்பதும் நன்று.

புடைவையோ நமக்கு வாய்த்த பெரும் உபகாரி. இடப்புறம் சிகிச்சையானால், முந்தானை மடிப்புகளே அவ்விடத்தை மறைக்கும். வலப்புறமானால், முந்தானையை முதுகின் வழியே கொணர்ந்து வலத்தோளையும் போர்த்திக்கொள்ளலாம்; அன்றிக் குஜராத்தி மாதரைப்போல் வலத்தோளின்மேல் முன்புறமாக விடலாம். வேறு தசை கொண்டோ செயற்கைப் பொருள் கொண்டோ மார்பை மீண்டும் அமைக்கும் சிகிச்சையும் உண்டு. ஒன்றும் வேண்டாமென்று இருந்தபடியே இருப்பாரும் உளர். எதனைத் தெரிந்தெடுப்பது என்பது அவளவள் மனத்தைப் பொறுத்தது. மாமியாரோ நாத்தனாரோ தீர்ப்புக் கூறுதற்குரியதன்று.

கையையும் மறத்தலாகாது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அக்கை வீங்குதல் கூடும். அடுப்புச் சூடும் அரிவாள்மணைக் காயமும் படாமற் காக்க. பட்டால் உடனே மருந்திடுக. வீக்கம் கண்டால் இறுகிய வளையலையும் வங்கியையும் கழற்றிவிட்டு வைத்தியரைக் காண்க. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். விரல்களாற் சுவரில் மெல்ல மேலேறுதல், தானே தலை வாரிக்கொள்ளுதல் முதலிய பயிற்சிகளை வைத்தியர் கூறியபடி செய்து வருக.

இனி, மனத்தை உறுத்தும் ஒன்றையும் கூறிவிடுகின்றேன். நம் சமூகத்தில் ஒரு வீட்டில் இந்நோய் வந்ததென்றால், "வெளியே சொல்லாதீர்கள், பெண்ணுக்கு வரன் அமையாது" என்பதே முதற்பேச்சாக இருக்கின்றது. பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 வரையே என்பர் வைத்தியர். ஐயமுள்ள குடும்பத்தார் பரிசோதித்து அறியவும் இன்று வழியுண்டு. மறைப்பதால் யாருக்கு லாபம்? கட்டியைத் தடவியறிந்த பெண், இப்பேச்சுக்கு அஞ்சி மாதக்கணக்கில் வாய் திறவாது இருக்கின்றாள். ஆரம்பத்திலேயே வந்தால் பலருக்கு ஸ்தனம் முழுவதையும் நீக்க வேண்டியதேயில்லை. கட்டியை மாத்திரம் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை செய்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை அமெரிக்க வைத்தியர் பெர்னார்டு பிஷரும் அவர் கூட்டத்தாரும் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் காட்டினர். வரனுக்காக மௌனம் சாதித்துத் தாயை இழப்பது எந்தக் கணக்கில் லாபம்?

சகோதரர்களே! இந்நோய் தொற்றுவதன்று. உங்கள் மனைவியோ தாயோ வீடு திரும்பும் நாளில், அவள் தழும்பைக் கண்டு முகம் திருப்பாதீர்கள். காணாததுபோல் நடிக்கவும் வேண்டாம். "வலிக்கின்றதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மங்கல காரியங்களில் அவளை முன்போலவே முன்னிறுத்துங்கள். ஆரத்தி எடுக்கும் கைக்கு யாதொரு குறையும் வரவில்லை.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இரண்டு. நமது தையல் வகுப்பில் இத்தகைய ரவிக்கையும் உள்ளுடையும் தைக்கக் கற்பிக்க வேண்டும். சிலிக்கோன் மார்பு வாங்க வசதியற்ற நம் சகோதரிகளுக்குச் சங்க நிதியிலிருந்து, பெயர் வெளியிடாமல், உதவ வேண்டும். சிகிச்சைக்குச் செல்லவிருக்கும் எந்தச் சகோதரி அழைப்பினும், ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டிற்கு வர யான் சித்தமாயிருக்கின்றேன்.