மொழி பெயராப் பாடகர்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். கரீபியக் கடலிலுள்ள புவேர்த்தோ ரிக்கோ என்னும் தீவில் 1994-இல் பிறந்து, இசுபானிய மொழியில் சொல்லிசை பாடும் ஒருவரைப் பற்றிப் பேசப் போகின்றேன். அவர்தம் இயற்பெயர் பெனீத்தோ அந்தோனியோ மார்த்தீனெசு ஒக்காசியோ. உலகம் அறிந்த பெயர் 'பேட் பன்னி'. கெட்ட முயல் என்பது அதன் பொருள். சிறுவனாய் இருந்தபோது முயல்வேடம் இட்டுச் சினந்த முகத்தோடு நிற்கும் படமொன்றே அப்பெயர்க்குக் கரணியம். "பெயரே ஆங்கிலமாயிற்றே!" என்று நீங்கள் முகஞ்சுளிப்பது தெரிகின்றது. அதற்குப் பின்னர் வருகின்றேன். முதற்கண் அத்தீவின் மொழிவரலாற்றைச் சற்றே காண்போம்.

நானூறு ஆண்டுகள் இசுபானியர் ஆட்சியிலிருந்த அத்தீவை 1898-இல் அமெரிக்கா கைப்பற்றியது. அடுத்து வந்த ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தப் பல்வேறு திட்டங்கள் தீட்டப்பெற்றன. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறொரு மொழி என்று குழந்தைகள் தடுமாறினர். 1940-களின் இறுதியில்தான் இசுபானியம் பள்ளிகளின் பயிற்றுமொழியாய் மீண்டும் நிலைபெற்றது. 1991-இல் ஆளுநர் எர்னாண்டெசு கொலோன் இசுபானியம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்தார். அதற்காக அம்மக்கள் அனைவர்க்குமே இசுபானிய நாட்டின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசு அவ்வாண்டு வழங்கப்பெற்றது. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1993-இல், அடுத்து வந்த ஆளுநர் பெத்ரோ ரொசெல்லோ அச்சட்டத்தை நீக்கி, ஆங்கிலத்தையும் அரியணையில் அமர்த்தினார். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சட்டம் வீழ்ந்த மறு ஆண்டில் பிறந்தவர் நம் பாடகர். தந்தையார் சரக்குந்து ஓட்டுநர். தாயார் பள்ளி ஆசிரியை. வேகா பாகா என்னும் ஊரில் வளர்ந்தார். பதின்மூன்று அகவை வரை கிறித்தவக் கோயிலின் பாடற்குழுவில் பாடினார். பின்னர் அரெசீபோவிலுள்ள பல்கலைக்கழகக் கிளையில் பயின்றுகொண்டே, பேரங்காடி ஒன்றில் வாங்குவோர்க்குப் பொருள்களைப் பையிலிட்டுக் கொடுக்கும் வேலை செய்தார். தாமே ஆக்கிய பாடல்களை இணையத்தில் ஏற்றி வந்தார். 2016-இல் அவற்றுள் ஒன்று இசை வாணிகர் செவிக்கு எட்டியது. வாழ்வு திரும்பியது.

தோழர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இசுபானியப் பாடகர் அமெரிக்காவில் பேரும் பொருளும் பெறவேண்டுமாயின், ஆங்கிலத்துக்குக் 'கடந்து' வரவேண்டும் என்பதே அதுவரை எழுதாச் சட்டமாய் இருந்தது. பெரும் பாடகர் பலரும் அவ்வழியே சென்றனர். இவர் செல்லவில்லை. முழுதும் இசுபானியத்திலேயே பாடினார். 2020-இல் அவர் வெளியிட்ட தொகுப்பு, அமெரிக்க இசைத்தொகுப்புகளின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. முழுதும் இசுபானியத்தில் அமைந்த ஒரு தொகுப்பு அவ்விடம் பெற்றது அதுவே முதன்முறை. சந்தையின் மொழிக்கு அவர் போகவில்லை. சந்தை அவர் மொழிக்கு வந்தது.

அதனால் இழிவு நீங்கிற்றா? இல்லை. 2023 பிப்பிரவரியில் கிராமி விருது விழாவில் அவர் பாடியபோது, தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிய எழுத்துவரி என்ன கூறிற்று தெரியுமா? 'ஆங்கிலமல்லாததில் பாடுகின்றார்' என்றது! ஐம்பது கோடி மக்களின் மொழிக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆங்கிலம் அன்மையே அதன் பெயர்! ஒரு மொழியைப் பெயரின்றிக் குறிப்பது, அதனை இல்லையென்பதன் முதற்படியாகும்.

இவர் வெறும் பாடகராய் மட்டும் இருந்திருப்பின் நான் இங்கு வந்திரேன். 2017 செப்தம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் பெரும்புயல் அத்தீவைச் சூறையாடிற்று. அறுபத்து நான்கு பேரே மாண்டனர் என்று முதலில் அரசு கூறியது. ஓராண்டு கழித்து 2,975 என ஒப்புக்கொண்டது. 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முறை தோன்றிய இவர், பாடத் தொடங்குமுன் அச்சாவுகளைப் பற்றி அமெரிக்கர்க்கு ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தார். ஆள்வோர் செவியில் விழவேண்டியதை அவர்தம் மொழியில் சொன்னார். பாட்டைத் தம் மொழியில் பாடினார். எது எங்குப் பயன்படும் என்றறிந்த தெளிவு அது.

2019 சூலையில் ஆளுநர் ரிக்கார்தோ ரொசெல்லோவும் அவர்தம் கூட்டாளிகளும் மக்களையும், புயலில் மாண்டோரையுங்கூட எள்ளி எழுதிய மடல்கள் வெளிப்பட்டன. 1993-இல் மொழிச்சட்டத்தை நீக்கிய அந்த ரொசெல்லோவின் மகனே இவர்! பாடகர் தம் ஐரோப்பியச் செலவை இடைநிறுத்தித் தாயகம் திரும்பினார். ரெசிதெந்தே, இலே என்னும் பாடகர் இருவரோடு சேர்ந்து கண்டனப் பாட்டொன்றை வெளியிட்டுத் தெருவில் இறங்கினார். பன்னூறாயிரவர் திரண்டனர். ஆளுநர் பதவி விலகினார்.

மொழி நிற்க மண் வேண்டும். மண்ணில் அம்மொழி பேசுவோர் குடியிருத்தல் வேண்டும். இவ்வுண்மை இவர்தம் பின்னைப் பாடல்களில் வலுப்பெற்றது. 2010-இல் 37 இலக்கமாய் இருந்த தீவின் மக்கள்தொகை 2020-இல் 33 இலக்கத்துக்கும் கீழிறங்கியது. வேலையின்றியும் விளக்கின்றியும் மண்ணின் மக்கள் வெளியேற, வரிச்சலுகை பெற்ற அயற்செல்வர் கடற்கரை வீடுகளை வாங்குகின்றனர். 2022-இல் வந்த 'எல் அப்பகோன்' பாட்டின் காட்சிப்படத்தோடு, இவ்வெளியேற்றத்தைப் பற்றிய செய்திப்படத்தையும் அவர் இணைத்தார். 2025 சனவரியில் வந்த தொகுப்பில் பிளேனா முதலிய நாட்டு இசைவகைகளுக்கு இடமளித்தார். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரைக்கொண்டு தீவின் வரலாற்றைச் சிறு குறிப்புகளாய் எழுதுவித்துப் பாடல்களோடு திரையில் ஓடவிட்டார். பாடநூல் புகாத இடத்தும் பாட்டோடு புகுந்தது வரலாறு. அவ்வாண்டே தலைநகர் சான் உவானில் முப்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினார். முதல் ஒன்பதும் தீவில் வாழ்வோர்க்கே உரியவை. உலகம் அவரைக் காணத் தீவுக்கு வந்தது.

இனி, குறைகளையும் சொல்லவேண்டும். அவர் பாடல்களில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. அவைக்கு ஆகாச் சொற்களும் உள. தீவின் தெருவழக்கில் சொல்லிறுதிச் சகரத்தை விழுங்குவர், ரகரத்தை லகரமாக்குவர். அவ்வாறே பாடுகின்றார். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இவற்றில் உடன்பாடில்லை. மேலும், இசுபானியமே அத்தீவுக்கு வாளோடு வந்த மொழி. தைனோ என்னும் மண்ணின் மொழியை விழுங்கிய மொழி. அவர்கள் தம்மை 'போரிக்குவா' என்று அழைத்துக்கொள்ளும் பெயரும், புயலைக் குறிக்கும் 'உரக்கான்' என்னும் சொல்லுமாக, அத்தைனோவின் எச்சங்கள் சிலவே எஞ்சியுள்ளன. மொழி அழிந்தால் எஞ்சுவது எவ்வளவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் ஒன்று கூறுவேன். சொல்லைத் தூய்மை செய்வது ஒரு பணி. சொல்லுக்கு மேடை தேடுவது மற்றொரு பணி. முதற்பணியில் இவர் தவறுகின்றார். இரண்டாவதில் இவர்க்கு நிகர் இன்று அரியர். தூய சொல்லும் பேசுவாரின்றிப் பேழைக்குள் கிடந்தால் யார்க்குப் பயன்? இவர்தம் குறையைத் தள்ளி நிறையைக் கொள்வதே அறிவுடைமை.

அமெரிக்காவின் மாபெரும் காற்பந்துப் போட்டியின் இடைவேளையில் பாட இவர் தேர்வு செய்யப்பெற்றபோது, ஆங்கிலத்தில் பாடாதார்க்கு ஆங்கு என்ன வேலை என்று கூக்குரல் எழுந்தது. தொலைக்காட்சியில் தோன்றி இசுபானியத்தில் சிறிது பேசிய இவர், புரியாதார்க்குக் கற்றுக்கொள்ள நான்கு திங்கள் உள்ளன என்று நகைத்தார். 2026 பிப்பிரவரி 1-இல் அவர்தம் தொகுப்புக்கு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. முழுதும் இசுபானியத்தில் அமைந்த தொகுப்பு அதனைப் பெற்றது அதுவே முதல். ஒரு கிழமை கழித்து அப்போட்டி மேடையில் தம் மொழியிலேயே பாடினார்.

இளைஞர்களே! நான்கு திங்கள் என்று அவர் சொன்னது நகைச்சுவையன்று. கற்கும் கடமை எப்போதும் எளியோர்க்கே உரியதென்று எழுதிவைத்திருந்த ஏட்டை அவர் திருப்பிப் பிடித்தார். தம்மொழியில் நின்றுகொண்டு, 'நீ வா' என்று உலகை அழைக்கும் அத்துணிவை எண்ணிப் பாருங்கள் என்று கூறி அமைகின்றேன்.