தராசில் ஆடும் மனம்

(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



இஞ்சினியருக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. கொடுத்திருப்பதே ஐந்து நிமிடம், விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா' 1937-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறியது. அதன் முதல் பாட்டு உங்களில் பலர் காதில் விழுந்திருக்கும். சினிமாவிலோ விளம்பரத்திலோ எங்கே மிரட்ட வேண்டுமோ அங்கே அதைப் போட்டுவிடுவார்கள். லத்தீன் மொழி, பெரிய கோரஸ், முரசு. உடனே 'சர்ச் பாட்டு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுதான் இல்லை! அது விதியைத் திட்டுகிற பாட்டு. உள்ளே போனால் குடி, சூதாட்டம், காதல்.

பாடல்கள் 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பு ஒன்றில் உள்ளவை. 1803-இல் பவேரியாவில் ஒரு மடத்தில் அது கிடைத்தது. மடத்தில் காதல் பாட்டா என்று கேட்காதீங்க. அன்றைக்கு லத்தீன் படித்தவன்தானே லத்தீனில் எழுத முடியும்!

எனக்குப் பிடித்தது ஒரு பெண் தனியாகப் பாடுவது. மனம் ஒரு தராசு. ஒரு தட்டில் ஆசை, மறு தட்டில் நாணம். அர்த்தம் தெரியாமல் கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும், அவ்வளவு தாழ்ந்த குரல். அர்த்தத்தோடு கேளுங்கள். தராசு தானாகச் சாயவில்லை, அவளே தேர்ந்தெடுக்கிறாள். நுகத்தடிக்குத் தானே கழுத்தை நீட்டுகிறாள், அது இனிய நுகம் என்று சொல்லிக்கொண்டு. அவள் மயங்கி விழுந்தாள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மூலத்தில் இது ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் நீண்ட பாட்டின் ஒரு பகுதி. அவன் கெஞ்சுவதையெல்லாம் ஓர்ஃப் விட்டுவிட்டார். நல்ல காரியம் செய்தார் என்பேன். முடிவு அவளுடையதாகவே நிற்கிறது. நடுவில் ஒரு குதூகலப் பாட்டு. பிறகு அதே நீண்ட பாட்டிலிருந்து இன்னொரு துண்டு: ஐந்தே சொற்கள், ஓர் 'ஆ'. தாழ்ந்திருந்த குரல் இப்போது உச்சத்துக்குப் போய்விடுகிறது. இங்கேதான் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள்.

அடுத்து கோரஸ் அவளைப் புகழ்ந்து பாடுகிறது. புகழ்ந்த கையோடு முதல் பாட்டு, அந்த விதிப் பாட்டு, திரும்பவும் இடிக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தராசுப் பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு நிமிடம்தான், யாரும் ஓடிவிடாதீங்க.